ஒன்றாம் மூங்கில் ஒரு குருவி

இரவுக் காவல் எனக்கு. குவுன் தோங்கில்
இருபத்துநான்கு மாடிப் பழைய கட்டடம்,
இரண்டு லிஃப்ட், ஆறு கேமரா.
விடியும்வரை நடப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததில்தான்
மாஜாங் கற்கத் தொடங்கினேன்,
கைபேசியில், காசுக்கு.

இலவச மேசையும் உண்டு.
அங்கே யாரும் யோசித்து ஆடுவதில்லை.
இருபது டாலர் போனால்தான்
போட்ட விரல் திரும்பிப் பார்க்கிறது.

கையில் பதின்மூன்று. எடுத்தால் பதினான்கு.
ஒன்றைக் கைவிட்டே ஆகவேண்டும்.
வட்டம் வட்டம்தான், மூங்கில் மூங்கில்தான்,
ஒன்றாம் மூங்கில் மட்டும் ஒரு குருவி.
அது மூங்கில் என்று தெரியாமல்
நான்கு இரவு பறக்கவிட்டேன்.
நூற்றெண்பது டாலர்.
வடக்குக் காற்று யாருக்கு வேண்டும் என்று வீசினேன்;
இரண்டு வடக்கை வைத்துக்கொண்டு
ஒருவன் காத்திருந்தான்.

தோற்ற கணக்கு
வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்.

மூன்று மணிக்கு, மிகச் சிறிய பந்தயத்தில்
திறந்திருப்பது ஒரே மேசை.
எப்போதும் ஒரு பாண்டா, ஒரு கெண்டைமீன்,
தேநீர்க் குவளைப் படத்தோடு நான்,
நான்காவதாக யாராவது.
கெண்டை ஐந்தாம் வட்டத்துக்கு ஏங்கினால்
பாண்டாவிடமிருந்து ஐந்தாம் வட்டம் உதிரும்.
யோகம் என்று நினைத்தேன்.
சிலருக்கு வாய்க்கிறது,
மழை நாளில் காலிப் பேருந்து வாய்ப்பதுபோல.
அறுநூற்று நாற்பது.

பிறகு அந்தச் செவ்வாய், மூன்று பத்து.
மீட்டர் அறையில் ஏதோ இருமியது.
பத்தாம் மாடிக்கு மேல் இருட்டு.
என் மேசையில்
பாண்டா சாம்பலாயிற்று. கெண்டை சாம்பலாயிற்று.
ஒரே நொடியில்.
ஆளில்லா இருக்கைகளுக்கு எந்திரம் ஆடியது,
எடுத்ததை எடுத்தபடி போட்டது.
ஜெயித்துவிட்டுத்தான் டார்ச்சை எடுத்தேன்.
சுவிட்சைத் தூக்கிவிட்டுத் திரும்பினால்
இருவரும் வண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே அந்நேரம் விழித்திருப்பது
பல் முளைக்கும் குழந்தையோடு பதினாறு-டி.
அப்புறம் பத்தொன்பது-பி.
மோக் வாய்-சாங், அவர் மனைவி லாய்-ஃபோங்.
ஏழு வருடமாக லிஃப்ட் கேமராவில் பார்க்கிறேன்:
அவர் கதவோரம், அந்தம்மா கண்ணாடியோரம்,
பத்தொன்பது மாடிக்கும் ஒரு சொல் கிடையாது.
தபாலைக்கூடத் தனித்தனியாக வந்து வாங்குவார்கள்.

அப்படியென்றால்
ஒரே போர்வைக்குள், இரண்டு திரை வெளிச்சத்தில்,
"ஐந்தாம் வட்டத்தைப் போடு" என்று
அவரா சொல்கிறார், அந்தம்மாவா?
முணுமுணுப்பா, முழங்கை இடியா?
என் அறுநூற்று நாற்பதில் எவ்வளவு
அந்தக் கிசுகிசுப்புக்குப் போயிற்று?

புகார் பொத்தான் இருக்கிறது. அழுத்தவில்லை.
கருணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
உண்மை என்னவென்றால்
சேர்ந்து ஏமாற்றுபவர்களைப் படிப்பது சுலபம்.
பாண்டா தயங்கினால் கெண்டையின் பசி தெரியும்.
ஒருவர் கொடுப்பதைப் பார்த்தால் போதும்,
மற்றவர் கை திறந்த புத்தகம்.
மாதக் கடைசிக்குள்
ஐந்நூற்றுப் பத்தை மீட்டுவிட்டேன்.
மீதி நூற்று முப்பது பென்சிலிலேயே இருக்கிறது.

நேற்றுக் காலை ஏழு மணி.
காய்கறிப் பையோடு மோக் என் மேசையருகே நின்றார்,
கண் இரண்டும் சிவப்பு.
"யிம் அம்மா, இன்னொரு முறை கரண்ட் போகுமா?"
"கம்பெனிக்காரர்களைத்தான் கேட்கணும்."
பின்னால் அந்தம்மா
லிஃப்ட் கதவைக் காலால் தடுத்து நின்றிருந்தார்.

கதவோரம். கண்ணாடியோரம்.
பன்னிரண்டைத் தாண்டும்போது
அந்தம்மா வாய் அசைந்தது,
அவர் தோள் ஒருமுறை குலுங்கியது.
கேமராவுக்குக் காது கிடையாது.

பதிவேட்டில் எழுதினேன்:
ஏழு ஐந்து. லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது.